வெள்ளிக்கிழமைகளில் நடந்த போர்

அந்த வருஷம் சவூதியின் ஜுபைலில், எங்கள் கேம்ப் அறையில், வெள்ளிக்கிழமைதோறும் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தது. காலையில் துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு தொடங்கும். ஜும்மாவுக்கு பாங்கு சொன்னதும் நின்றுவிடும். இடையில் யாராவது பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பார்கள், ஒருவர் தலையை இன்னொருவர் பிடித்து முடிவெட்டுவார். நான் மேல்கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, தெற்கு மாநிலங்கள் ஏன் பிரிந்துபோயின என்று கத்திக்கொண்டிருப்பேன்.

கத்தியதற்குக் காரணம் உண்டு. எம்.ஏ. வரலாற்றை அஞ்சல் வழியில் படித்து, எல்லாத் தாளையும் முடித்து, அமெரிக்க வரலாற்றில் மட்டும் அரியர் விழுந்திருந்தது. அந்த ஒரு தாளைத் தொங்கலில் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்த் தனியார் பள்ளிக்கூடத் தாளாளர், அப்பாவுக்குப் பழக்கமானவர், "அந்த அரியரை எழுதிட்டு வரச்சொல்லுங்க, ஜூன்ல சேத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். பாடத்திட்டம் மாறப்போகிறது, பழைய தாளை எழுத இதுவே கடைசி வாய்ப்பு என்றும் தகவல் வந்திருந்தது. எனக்கோ சத்தம்போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும்.

ஜுபைலில் நான் டைம்கீப்பர். காலையில் ஆட்கள் பஸ் ஏறும்போது தலைகளை எண்ணுவேன், சாயங்காலம் இறங்கும்போது மறுபடி எண்ணுவேன். இதற்கு ஒரு பட்டதாரி எதற்கு என்று தினமும் எரிச்சலாக வரும். ஒரு இடத்தில் உட்காரப் பிடிக்காது, எழுந்தாலும் போக இடமிருக்காது. கேம்ப் கேட்டுக்கும் அறைக்கும் நடையாய் நடப்பேன். "இவன் நடக்குற நடைக்கு ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்று அறையில் கிண்டல் செய்வார்கள்.

அதிகம் கிண்டல் செய்தவர் என் கீழ்க்கட்டில்காரர். அறந்தாங்கிப் பக்கத்து பைப் ஃபிட்டர், நாற்பதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார், கோபம் வந்தால் டேய் என்பார். அவருடைய இரண்டாவது மகள், அவர் கடைசி லீவு முடிந்து வந்த பிறகு பிறந்தவள். போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அந்தப் போட்டோவைத் தலைமாட்டுச் சுவரில் டேப் போட்டு ஒட்டியிருந்தார். அவள் இப்போது நடக்கிறாளாம், அப்பா எங்கே என்றால் டெலிபோனைக் காட்டுகிறாளாம்.

போரைத் தமிழுக்குக் கொண்டுவந்ததே அவர்தான்.

"டேய், இங்கிலீஷ்ல கத்தி எங்க உசுர வாங்காத. தமிழ்ல கத்து. கேக்குற எங்களுக்காவது எதாச்சும் வெளங்கட்டும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. தெற்கே பருத்திக் காடு, அதில் வேலை செய்ய அடிமைகள், அவர்களை ஏலம் போடுகிற சந்தை. வடக்கே ஆலைகள். புதிதாக மேற்கே சேரும் மாநிலங்களில் அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்று இரண்டு பக்கமும் வருஷக்கணக்காக முட்டிக்கொண்ட கதை. பாடப்புத்தகத்தில் 'காரணங்கள்' என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டிருந்ததை நான் கதையாக்கிச் சொன்னேன். அறைக்காரர்கள் கிரிக்கெட் கேட்கிற மாதிரி கேட்டார்கள். வடக்கு தோற்ற வெள்ளிக்கிழமைகளில் பிரியாணியில் உப்பு கூடியதற்கும் என்னையே திட்டினார்கள்.

ஒரு நாள், தப்பி ஓடும் அடிமைகளைப் பற்றிய சட்டத்துக்கு வந்தேன். வடக்கே ஓடிப்போய்விட்டாலும் விடமாட்டார்கள், அங்குள்ளவர்களும் பிடித்துக்கொடுக்க உதவவேண்டும், ஒளித்து வைத்தவனுக்குத் தண்டனை என்று சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது.

"அப்ப ஹுரூப்புன்னு சொல்லு," என்றார் அண்ணன்.

ஆள் ஓடிவிட்டான் என்று கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, எழுதிக்கொடுத்துவிட்டால் அதற்கு ஹுரூப் என்று பெயர். அதன் பிறகு அவன் எங்கே நின்றாலும் குற்றவாளி. முந்தின மாதம்தான் அடுத்த அறை வெல்டர் ஒருவர் அப்படிக் காணாமல் போயிருந்தார். அவருடைய செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

அன்றைக்குக் கடைக்காரக் காக்காவும் இருந்தார். கேம்ப் கேட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர்; அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் தயிர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போரையும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போவார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அடிமைங்கிற அந்தச் சொல்ல நம்ம மேல ஏத்தாதிய. நம்மள யாரும் சந்தையில நிறுத்தி விக்கல. நாமளா விசா வாங்கிட்டுத்தானே வந்தோம்?"

"விக்கலதான் காக்கா," என்றார் அண்ணன். "ஆனா என் பாஸ்போர்ட்டு ஆபீஸ் பீரோவுல கெடக்கு. நான் எப்ப ஊருக்குப் போகணும்னு பீரோ சாவி வச்சிருக்கவன்தான சொல்றான்?"

"அங்க தாய்கிட்டருந்து புள்ளயப் பிடுங்கி வித்திருக்கான். அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுன்னு நான் சொல்லல காக்கா." அண்ணன் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்துவிட்டு வெங்காயம் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டார். "ஒண்ணில்லதான்."

எனக்கு காக்கா சொன்னதுதான் சரி என்று பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. மனுஷனையும் அவன் பெற்ற பிள்ளையையும் சொத்தாக எழுதிவைத்த கொடுமைக்குப் பக்கத்தில் எங்கள் கஷ்டத்தைக் கொண்டுபோய் வைப்பது அந்த மக்களுக்குச் செய்கிற அவமரியாதை. ஆனாலும் அன்று முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட்டுக்கும் அறைக்கும் நடந்தேன்.

விடுதலைப் பிரகடனம் வந்த வெள்ளிக்கிழமை பெரிய ரகளை. ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றதும் ஒருவர் விசிலடித்தார். நான் விட்டிருக்கலாம். பரீட்சையில் கேட்பார்களே என்று, அது பிரிந்துபோன மாநிலங்களுக்கு மட்டும்தான், வடக்கோடு நின்ற சில மாநிலங்களிலும் அடிமைகள் உண்டு, அவர்களுக்கு அந்தப் பிரகடனம் பொருந்தாது என்று விளக்கினேன்.

"என்னடா இது அநியாயம்? எதிராளிகிட்ட இருந்தா விடுதலை, நம்மாளுகிட்ட இருந்தா கெடையாதா?" அண்ணன் நானே அந்தச் சட்டத்தை எழுதியவன் போல என்னிடம் சண்டைக்கு வந்தார். பிறகு தணிந்து ஒரு கேள்வி கேட்டார். "சரி, சண்டையெல்லாம் முடிஞ்ச பொறவு அந்தச் சனமெல்லாம் எங்கடா போச்சு?"

"அது அடுத்த பாடம்ணே. இன்னும் படிக்கல."

"அதான்டா முக்கியம். அத மொதல்ல படி."

படிப்பதற்குள் பரீட்சைத் தேதி வந்துவிட்டது. கூடவே ஷட்டவுனும் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பிளாண்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் காலம் அது. அப்போது யாருக்கும் லீவு கிடையாது. ரொம்பக் கெஞ்சினால் அவசர லீவு உண்டு, ஆனால் எங்கள் கம்பெனியில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. போகிறவன் திரும்பி வருவான் என்று கூட வேலை செய்கிறவன் ஒருவன் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். போனவன் வராவிட்டால், ஜாமீன் போட்டவனுக்கு வரவேண்டிய லீவு போய்விடும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அறையில் ஒவ்வொருவராகக் கேட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் போர் கேட்டவர்கள், ஒருத்தருக்கு வயிற்றுவலி வந்தது, ஒருத்தர் குளிக்கப் போனவர் வெளியே வரவேயில்லை. குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் குளிக்கத்தான் போயிருப்பேன்.

அண்ணனிடம் நான் கேட்கவேயில்லை. ஷட்டவுன் முடிந்ததும் லீவில் போகவேண்டியவர் அவர். மகளைப் பார்க்கப் போகிறவரிடம் எப்படிக் கேட்பது? மறுநாள் ஆபீசிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள்: உன் ஜாமீன் ஆகிவிட்டது, கலாஸ், முடிந்தது, கிளம்பு. கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"அண்ணே, நான் கண்டிப்பா வந்துடுவேன்."

"நல்லா எழுதுடா மொதல்ல," என்றார்.

கிளம்பும் அன்று பெட்டி கட்டியவரும் அவரே. அவர் கயிறு கட்டினால் சுங்கத்தில்கூட அவிழ்க்க முடியாது. நான் நாலு சட்டையும் பாடப்புத்தகமும் போதும் என்றேன். அவர் என் அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து அட்டைப்பெட்டியில் திணித்தார். குளிர்காலப் போர்வையைக்கூட விடவில்லை.

"போர்வை எதுக்குண்ணே? இங்க வந்தா வேணுமே."

"அம்மாவுக்குக் குடுடா. எல்லாத்துக்கும் எதுத்துப் பேசிக்கிட்டு."

ஊரில் பரீட்சை நன்றாகவே எழுதினேன். போரின் விளைவுகளைக் கேட்டிருந்தார்கள். அடுத்த பாடத்தை விமானத்திலேயே படித்து முடித்திருந்தேன், கை வலிக்க எழுதினேன். தாளாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். ரிசல்ட் வருகிறபோது வரட்டும், ஜூனில் வந்து வகுப்பெடு என்றார். அம்மா அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, மே மாத வெயிலில், "இனிமே எங்கயும் போவாதடா" என்றாள்.

எனக்கு அந்த வீட்டில் ஒரு நாள்கூட ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்தால் அந்தக் குழந்தையின் போட்டோ தெரிந்தது. டெலிபோனைக் காட்டி அப்பா என்கிற குழந்தை. நான் இங்கே கரும்பலகை முன்னால் நின்று அடிமை ஒழிப்பைப் பற்றிப் பாடம் நடத்துவேன், எனக்காகக் கையெழுத்துப் போட்டவர் அங்கே இன்னொரு வருஷம் டேப் போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தெருவில் நடந்தேன், கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். ஒரு வருஷம் பொறுக்க முடியுமா என்று தாளாளரைக் கேட்டேன். "வேலை காத்துக்கிட்டு இருக்காது தம்பி" என்றார். அம்மா பேசுவதை நிறுத்திக்கொண்டாள். நான் விமானம் ஏறினேன்.

தம்மாமில் இறங்கி, பஸ் பிடித்து ஜுபைல் வந்து சேரும்வரை, அண்ணன் என்னைப் பார்த்ததும் என்ன சொல்வார் என்பதை விதவிதமாக நினைத்துக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

அறையில் என் கட்டிலில் யாரோ ஒரு புது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். குளியலறைக்குப் போனால் என் பக்கெட்டைக் காணோம். கேம்பில் பக்கெட் சாதாரணமில்லை. லீவில் போகிறவன் பக்கெட்டைப் பத்திரமாகக் கவிழ்த்து வைப்பார்கள், வராதவன் பக்கெட்டைத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். யார் கொடுத்தது என்று கத்தினேன். "ஃபிட்டர் அண்ணன்தான் குடுத்தாரு. நீ போன மறுநாளே" என்றார் முடிவெட்டுகிறவர்.

அண்ணன் டியூட்டி முடிந்து வந்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த ஹெல்மெட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் குளிக்கப் போனார். மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்கு உள்ளே கொதித்தது. இந்த மனுஷனுக்காகக் கையில் கிடைத்த வேலையை விட்டு வந்திருக்கிறேன், வாடா என்று ஒரு சொல் இல்லையா?

வெள்ளிக்கிழமை வந்தது. வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"சொல்லு. சண்டை முடிஞ்ச பொறவு அந்தச் சனம் எங்க போச்சு?"

கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னேன். நிறையப் பேர் ரோட்டில் நடந்தார்கள். விற்கப்பட்டுப்போன மனைவியை, பிள்ளையை, தாயைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தேடினார்கள். சிலருக்குக் கிடைத்தார்கள், பலருக்குக் கிடைக்கவில்லை. நிலம் தருவதாகச் சொன்ன பேச்சு பேச்சாகவே போயிற்று. கையில் ஏரில்லை, மாடில்லை. கடைசியில் ஏராளமான பேர் பழைய எஜமானின் அதே நிலத்துக்குத் திரும்பிப்போய் வாரத்துக்கு உழுதார்கள்.

"வாரத்துக்கா? வெளைஞ்சதுல பாதி அவனுக்கா?"

"ஆமாண்ணே."

"அதே காட்டுக்கா?"

"போக்கிடம் இல்லண்ணே அவங்களுக்கு."

கத்தியைக் கீழே வைத்தார்.

"அவுங்களுக்குப் போக்கிடம் இல்ல. ஒனக்கு என்னடா கேடு வந்துச்சு? வேலை குடுக்குறேன்னு ஒருத்தன் நிக்கிறான், பெத்தவ நிக்கிறா. நீ எதுக்குடா திரும்பி வந்த?"

"நீங்க ஜாமீன் போட்டிருந்தீங்க! உங்க லீவு போயிரும்னுதானே..."

"நீ திரும்பி வரணும்னுட்டா கையெழுத்துப் போட்டேன்? போர்வை வரைக்கும் கட்டி அனுப்புனேனே, அப்பவும் புரியலையா ஒனக்கு? எம்.ஏ. படிச்சியாம் எம்.ஏ." வெங்காயத் தட்டைத் தள்ளிவைத்தார். "எனக்கு ஒரு வருஷம்தானடா போகும். அடுத்த வருஷமும் அவ எம்மகதான். ஒருத்தனாவது போய்ச் சேந்தான்னு இருந்தேன்டா நானு."

எனக்கு அழுகை வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதேன். யாரும் கிண்டல் செய்யவில்லை.

ஷட்டவுன் முடிந்து அண்ணன் லீவில் போனார். முறையான லீவு, ஜாமீன் தேவைப்படவில்லை. இந்தத் தடவை பெட்டி கட்டியது நான். அவர் போர்வையை, தட்டை, சுவரில் இருந்த போட்டோவை எல்லாம் உள்ளே வைத்துக் கயிற்றை இறுக்கினேன். அவர் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். பஸ் கேட்டைத் தாண்டியதும் குளியலறைக்குப் போய் அவருடைய பக்கெட்டை எடுத்துவந்து, என் பக்கெட்டை எனக்கே திருப்பித் தந்திருந்த புது ஆளிடம் கொடுத்துவிட்டேன்.

லீவு முடிந்த அன்று அவர் வந்து சேர்ந்தார். தோளில் அதே போர்வை. மகள் முதலில் பயந்தாளாம், கிளம்பும்போது காலைக் கட்டிக்கொண்டாளாம். சொல்லிக்கொண்டே குளியலறைக்குப் போனவர் வெளியே தலையை நீட்டினார்.

"என் பக்கெட் எங்கடா?"