ஆமைக்கு ஜோடி கேட்பவர்கள்

ஆமை விற்கிற கடையில் நிற்பது என்றால் பாதி நேரம் ஆமையின் வாலைப் பார்க்க வேண்டும், மீதி நேரம் வாங்க வந்தவர் வாயைப் பார்க்க வேண்டும். எந்தக் கடையிலாவது நின்று கால் கடுத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

கவிழ்த்துக் காட்டியது

எஸ்.எஸ்.எல்.சி.யில் பெயிலானதும் அம்மா என்னைத் துறைமுக ரோட்டில் சித்தி நடத்தும் வண்ணமீன் கடையில் கொண்டுவந்து விட்டாள். மீனோடு ஏரல் பக்கத்து வாய்க்கால் ஆமைகளும் உண்டு. ஆண் பெண் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. ஆணுக்கு வால் நீளம், அடியில் தடிமன். வயிற்று ஓடு உள்ளங்கை மாதிரிக் குழிந்திருக்கும். பெண்ணுக்கு வால் குட்டை, வயிறு தட்டை. கப்பலில் வேலை பார்க்கிற ஒருவர் வித்தியாசம் கேட்டார். ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்துக் காட்டினேன். அவர் போனதும் சித்தி என் தலையில் குட்டினாள்.

"ஏளா, ஆம்பிளையாளு முன்னால வாலத் தூக்கிக் காட்டுதியே, உன்னய எவன்ளா கெட்டுவான்?"

குட்டிகள்

உடன்குடி கருப்பட்டி வியாபாரி ஒருவர் தீப்பெட்டி அளவுக் குட்டிகளில் ஆண் ஒன்று, பெண் ஒன்று கேட்டார். "இப்பத் தெரியாது அண்ணாச்சி, வளந்தாத்தான் தெரியும்" என்றேன். உண்மை அதுதான்.

"வளந்த பொறவு எனக்கே தெரிஞ்சிருமே, நீ எதுக்கு இங்கன நிக்கே?"

பேழை

அடுத்தவர் நாசரேத்துக்காரர், வாத்தியார். குஞ்சு பொரிக்க வளர்ந்த ஜோடி வேண்டும் என்றார். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். துணி அலசுகிற தகரத் தொட்டியிலாம். "சார், அந்த எடத்துல ஆண் சும்மா விடாது. தொரத்தித் தொரத்திக் கழுத்தக் கடிக்கும். ரெண்டு பொட்டையா கொண்டு போங்க. ஜோடிதான்னா பெரிய தொட்டி வேணும், நடுவுல தடுப்பு வேணும்." படபடவென்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"நோவா பேழையில தடுப்பு போட்டா ஏத்தினாரு? ஜோடி ஜோடியாத்தானே ஏத்தினாரு, பிள்ள?"

மஞ்சள்

ஜோடியாகவே வாங்கிப் போன வாத்தியார் சில வாரத்தில் பெண்ணை மட்டும் தூக்கி வந்தார். கழுத்துத் தோல் கிழிந்து சதை தெரிந்தது. பின்கட்டு சிமெண்ட் தொட்டியில் தனியாக விட்டு மஞ்சள் குழைத்துப் பூசினேன். அது தலையையே நீட்டவில்லை. பிறகு ஒருநாள் காலையில் என் கையிலிருந்து மண்புழுவை இழுத்தது. அன்றைக்குத்தான் எனக்கும் சோறு இறங்கியது.

புண் ஆறுவதற்குள் வாத்தியார் வந்துவிட்டார். "குடுக்காத சித்தி, செத்துரும்" என்று தொட்டியை மறித்தேன். சித்தி என்னைத் தள்ளிவிட்டு ஆமையை எடுத்து அவர் பையில் போட்டாள்.

"புருஷன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும், நீ ஏன்ளா நடுவுல போறே?"

பொட்டலம்

வாத்தியார் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது பழைய பேப்பரில் சுற்றியிருந்தது. பிரித்தேன். கழுத்து வெளியே தொங்கியது, மஞ்சள் பூசிய இடத்திலேயே மறுபடி கடி. தடுப்பு போட்டீர்களா என்றேன். அவருக்கும் வருத்தம்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் தோளுக்கு மேலாக மற்றத் தொட்டிகளை எட்டிப் பார்த்தார்.

"இதவிடக் கொஞ்சம் தைரியமான பொட்டையா ஒண்ணு குடு பிள்ள, அங்கன ஆண் ஒத்தையில கெடந்து ஏங்குது."

எது ஆண், எது பெண் என்று வாலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சொன்னதைக் கேட்கிற ஆளைத்தான் இந்தக் கடையில் நான் இன்னும் பார்க்கவில்லை.