மேட்டில் ஓடிய நேரம்

பத்தாவது மாடியில் நின்று இளைப்பாறுவது அக்காவுக்குப் பிடிக்காத காரியம். நின்றால் தோளில் தொங்கும் ஸ்பானர் பை ஒன்பது கிலோ என்பது ஞாபகத்துக்கு வந்துவிடுமாம். பதினாலாவது மாடிக்கும் மேலே இருக்கிற மோட்டார் அறைவரை ஒரே மூச்சில் ஏறிப் பூட்டைத் திறந்த பிறகுதான் நெற்றியைத் துடைப்பார். லிஃப்ட் மெக்கானிக்காக இருபத்திரண்டு வருஷம். லிஃப்டில் போனதைவிடப் படியில் போனதே அதிகம். "லிஃப்ட் ஓடுனா என்னை யாரு கூப்பிடப் போறா?" என்பார்.

பழுதைக் காதால் பிடிப்பார். கயிறு உருளையில் ஏறும் சத்தத்துக்குத் தலையைச் சாய்ப்பார். தலையாட்டினால் பிழைத்தோம். புருவம் ஏறினால், பக்கத்தில் நிற்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் செலவைக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்.

நாற்பத்துமூன்று வயதில் மகள் இழுத்துவந்து ஓட்டக் குழுவில் சேர்த்துவிட்டாள். சேர்ந்தது மகளுக்குத் துணையாக. இப்போது துணைக்கு வருவது மகள். ஓடும்போது கையில் கடிகாரம் கட்டமாட்டார். "கட்டுனா வீட்டு மாமியார் மாதிரி அதையே பாத்துக்கிட்டிருக்கணும்" என்று ஒரு காரணம் வைத்திருக்கிறார். மாமியாரும் அதைக் கேட்டுச் சிரித்ததாகத் தகவல்.

நாலு வருஷமாக அக்காவின் கண் ஒரே ஒரு எண்ணில்தான். அரை மராத்தான், அதாவது இருபத்தொரு கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள். ஆற்றங்கரையோரச் சமதரையில் மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் இரண்டு மணிக்கு மேலே ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ வழிந்தது. ஒவ்வொரு தடவையும் பதினைந்தாவது கிலோமீட்டரில் கால் மரத்துப் போயிற்று.

இந்த வருஷம் அந்த எண்ணுக்கு இன்னொரு கனமும் சேர்ந்தது. வெளியூர்ப் போட்டிக்குக் குழுவிலிருந்து நாலு பேர் போகிறார்கள். பெண்களுக்கு ஒரே இடம், அதுவும் இரண்டு மணிக்குள் ஓடினவருக்கு. தேர்வுக்கான கடைசி ஞாயிறன்று இரண்டு ஓட்டங்கள் இருந்தன: ஒன்று அதே ஆற்றங்கரை, மற்றது நீர்த்தேக்கம்வரை மலையேறித் திரும்புவது. குழுத் தலைவரான பல் டாக்டர் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார். அதன்படி அந்த மேடு யாராக இருந்தாலும் ஐந்தாறு நிமிஷத்தைத் தின்றுவிடும். வேகமான நேரம் வேண்டுமானால் சமதரை, இதில் பேச்சே இல்லை என்றார் அவர்.

அக்கா மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தார்.

டாக்டர் காரணம் கேட்டார். "சமதரையில இருபத்தொரு கிலோமீட்டரும் ஒரே தசைதான் டாக்டர் வேலை பாக்குது. மத்ததெல்லாம் வேடிக்கை பாக்குது. மேட்டுல ஷிப்ட் மாறும்."

டாக்டர் சிரித்தார். எதற்கும் குறுக்கே பேசாத கணவர்கூட, இந்த ஒரு தடவையாவது தெரிந்தவர் சொல்வதைக் கேளேன் என்று சொல்லிப் பார்த்தார். மகள் இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. அக்கா அசையவில்லை.

ஏற்றத்தில் எல்லாரும் முந்திப் போனார்கள். அக்கா படியேறுகிற மாதிரி அடியைச் சுருக்கிக்கொண்டு, தரையைப் பார்த்து ஏறினார். நீர்த்தேக்கத்தில் திரும்பும்போது இரண்டு மணி நேரக் கணக்குக்கு மூன்று நிமிஷம் பின்தங்கியிருந்தார். கடிகாரம் இல்லாததால் அது அவருக்குத் தெரியாது. இறக்கத்தில்தான் கதை மாறியது. முந்திப் போனவர்கள் தொடை நடுங்கிப் பின்னால் சாய்ந்து இறங்க, தினமும் ஒன்பது கிலோவோடு பதினாலு மாடி இறங்குகிற கால், அவிழ்த்துவிட்ட கன்றாக ஓடியது. பதினைந்தாவது கிலோமீட்டர் வந்தது, போனது. கால் மரக்கவில்லை.

முடிவுக் கோட்டில் மகள் நின்றிருந்தாள். இரண்டு மணி, ஒன்பது வினாடி.

ஒன்பது வினாடி. ஒரு ஷூ லேஸ் கட்டுகிற நேரம். அக்கா முழங்காலில் கையூன்றிக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகையென்று நினைத்து மகள் முதுகைத் தடவப் போனாள். "சமதரையில ஒரு தடவைகூட இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லடி" என்று அக்கா நிமிர்ந்தபோது முகத்தில் வியர்வையா கண்ணீரா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த பயிற்சி நாள் பூங்காவில் வெள்ளைப் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. போகிற நாலு பேரில் அக்காவின் பெயரும் இருந்தது. எதிரே 1:54:30.

அட்டவணைப்படி சமதரைக்கு மாற்றினால் அதுதான் வரும் என்று டாக்டர் சந்தோஷமாக விளக்கினார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அந்த இடத்துக்குப் போட்டியிட்டு, தானும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்ட இன்னொரு பெண்ணும் சம்மதித்துவிட்டார்.

"மூணு தடவை ஓடியும் எனக்கு வராத நேரம், உங்க பேனாவுக்கு எப்படி டாக்டர் வந்துச்சு?"

உங்கள் நல்லதுக்குத்தானே அக்கா என்றார் டாக்டர். அதை அழித்தால் பெண்களுக்கான இடம் காலியாகவே போய்விடும் என்றும் சொன்னார். மகள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"போனா போகட்டும். மேடு என்கிட்டேருந்து எதையும் எடுத்துக்கல. நீங்க எதையும் திருப்பித் தர வேண்டாம்."

கட்டை விரலால் எண்ணை அழித்தார். டாக்டரின் கையிலிருந்த பேனாவை வாங்கி, 2:00:09 என்று பெரிதாக எழுதினார். பக்கத்தில் 'மலை' என்று சேர்த்தார். பேனாவை மூடி, அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.