பதினோரு ஏக்கர் முத்தவல்லி

புர்காவின் ஓரத்தில் ஒட்டிய நாயுருவி விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காட்டு வேலிக்கு உள்ளே போட்டுவிட்டுத்தான் மெஹ்ஜபீன் ஆட்டோவில் ஏறுவார். எவ்வளவு நேரமானாலும் ஓட்டுநர் சின்னசாமி ஹாரன் அடிக்கமாட்டார். ஒருமுறை அடித்து மெஹ்ஜபீனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். "அல்லாவுக்கு எழுதிக் குடுத்த சொத்துங்க இது. ஒரு முள்ளுகூட என்னோட வரக்கூடாது."

கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் இருக்கிறது அந்தப் பதினோரு ஏக்கர் காடு. கொள்ளுத்தாத்தா சாந்த் பாஷா அதை வக்ஃபு அறக்கொடையாக எழுதிவைத்தபோது, யாருக்காக என்ற இடத்தில் பிள்ளைகுட்டிகள் பெயரை எழுதவில்லை. 'பறவை, பிராணி, நிழலுக்கு ஒதுங்குகிறவர்' என்று எழுதினார். அதைப் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லி பொறுப்பு இப்போது மெஹ்ஜபீனிடம். திருவண்ணாமலையில் தையல் கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை, காட்டுக்கு வேலைநாள். கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பைக் கழற்ற மறந்து வந்தவர், ஒருநாள் மரங்களை அளக்கத் தொடங்கினார். "உசிலைக்கு இந்த வருஷம் இடுப்பு ஒரு இன்ச் ஜாஸ்தி" என்பார், வாடிக்கையாளரைச் சொல்வதுபோல. ஏதோ ஒரு படிவத்தில் 'பயனாளிகள் எண்ணிக்கை' கேட்டிருந்தார்கள். 'இன்னும் எண்ணி முடிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த மகராசி.

போன வெள்ளிக்கிழமை தம்பி ஷோயப்பும் ஒரு டேப்போடு வந்தார். அவருடையது ஐம்பது மீட்டர். ஜமாத்துச் செயலாளர் அவர். முன்பக்கம் நாலு ஏக்கரை வெட்டிக் கல்யாண மண்டபம் கட்டினால் ஏழைப் பெண்களுக்கு இலவசமாக நிக்காஹ் நடத்தலாம் என்பது திட்டம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். முத்தவல்லி கையெழுத்துப் போட்டால் காடு போச்சு.

"நல்ல காரியந்தானே ஆபா?" என்றார் அக்காவிடம்.

"நல்ல காரியந்தான். வேற எடத்துல கட்டு, பொண்ணுங்களுக்கு நானே சும்மா தெச்சுத் தரேன். இது ஒருத்தர் இதுக்குத்தான்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனது. மாத்த நீ யாரு, நான் யாரு? கையெழுத்து வேணும்னா உள்ள போய் பயனாளிங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

ஷோயப் வீம்பாக உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து வியர்க்க விறுவிறுக்கத் திரும்பினார். டேப் விரியவே இல்லை.

"குஞ்சுங்களோட மயிலு குறுக்க நிக்குது ஆபா. நவுரவே மாட்டேங்குது. எங்க முளை அடிக்கறது?"

பைக்கில் ஏறப்போனவரை மெஹ்ஜபீன் நிறுத்தி, குனிந்து, அவர் பேண்ட்டில் ஒட்டியிருந்த நாயுருவியைப் பிடுங்கி வேலிக்குள் போட்டார். ஷோயப் ஒருமுறை காட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளையைப்போல, இன்னொரு காலையும் தூக்கிக் காட்டினார்.