பெரிய மாமாவுக்குத் தேதி தெரியவில்லை

கோட்டாட்சியர் விசாரணை என்றதும் நான் பட்டியல் போட்டேன். மென்பொருளில் பிழைகளை வரிசைப்படுத்துவது என் வேலை, அந்தப் பழக்கம். இன்றைய தேதி, கிழமை, முதலமைச்சர் பெயர், சொந்த போன் நம்பர். இந்த நான்கும் பெரிய மாமாவுக்கு மனப்பாடமாக வேண்டும்.

அவர் அம்மாவின் மூத்த அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர், போன வருடம் ஒரு துண்டு நிலத்தை அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தார். நினைவு தப்பிய முதியவரை ஏமாற்றி வாங்கிவிட்டார்கள் என்று, இறந்துபோன சின்ன மாமாவின் மகன்கள் இருவரும் மனுக் கொடுத்தார்கள். அது நிரூபணமானால் பத்திரம் ரத்தாகும். அம்மாவுக்கு ஏமாற்றுக்காரி என்ற பெயர் நிற்கும்.

முந்தின நாளே மாமா ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான்கையும் ஒப்பிக்கச் சொன்னேன்.

"என்னத்தா, பரீச்சையா?" என்றார்.

மறுநாள் விசாரணையில் அதிகாரி தேதி கேட்டார். மாமா மின்விசிறியைப் பார்த்தார். கிழமை?

"சந்தைக்கு மறுநாளுங்க."

போன் நம்பர்?

"எனக்கு நானே எதுக்குங்க பேசப்போறேன்?"

"பாத்தீங்களா சார்," என்றான் மனுக் கொடுத்த இருவரில் மூத்தவன்.

"எழுதிக் கொடுத்தது எந்த நிலம்னாவது தெரியுமா?" என்றார் அதிகாரி.

மாமா நிமிர்ந்தார். "வடக்க வாய்க்கா. தெக்க வண்டிப்பாதை. கிழக்க வாத்தியார் தென்னந்தோப்பு. மேக்க இந்தா, இவன் நிலம்." மூத்தவனைக் காட்டினார். "அதையும் நாந்தேன் எழுதிக் குடுத்தேன். அது அம்புட்டும் ரோட்டோரம். ஒரே நாளு, காலையில இவன் பேருக்கு, மத்தியானம் தங்கச்சி பேருக்கு. காலையில இருந்த புத்தி மத்தியானம் எங்க சார் போச்சு?"

இது என் பட்டியலில் இல்லை. எங்களிடம்கூட அவர் சொன்னதில்லை. அவருக்காக நாங்கள் இத்தனை பேர் பேசக் கிளம்பியதை நினைத்து பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"தங்கச்சி கேட்டாங்களா?"

"இல்லீங்க. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

அதிகாரி சிரிப்பை ஃபைலுக்குள் மறைத்துக்கொண்டார். சொந்த விருப்பத்தில் கொடுத்தது என்று எழுதி, மாமாவிடம் கையெழுத்து வாங்கி, மனுவை முடித்தார்.

வெளியே நான் ஆட்டோவைக் கூப்பிட, மாமா மூத்தவனின் பைக்கை நோக்கி நடந்தார்.

"மாமா, அவங்ககூடயா?"

"அவன் சோழவந்தானுக்குத்தானத்தா போறான். நான் எதுக்கு பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கணும்?"

பின்னால் ஏறி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாப் போடா. நான் விழுந்தா அதுக்கும் உங்கத்த மேல மனுப் போடுவ."

அவன் பைக்கைக் கிளப்பினான். ஒரு சைக்கிள்காரர் அவர்களைத் தாண்டிப் போனார்.