ஒரு வரிக்கு டிராப் டெஸ்ட்

1. அறிவிப்பு

ஹைதராபாத் பொதுத்துறை மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றபின், ஒரு பல்கலைக்கழக ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளனாகச் சேர்ந்தேன். களம் என்றதும் பஸ் பாஸ் கேட்டேன். பேராசிரியர் வித்யா ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார். ஹைதராபாத் தமிழர்கள் சினிமாப் பாட்டைப் பற்றி அரட்டை அடிக்கும் இணைய மன்றம் ஒன்று இருந்தது. அதில் அவர்களோடு இருந்து, எதைக் கேட்கிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று குறிப்பெடுக்க வேண்டும். டிஜிட்டல் எத்னோகிராஃபி என்று அதற்குப் பெயர். என் மனைவி வேறு பெயர் வைத்தாள்: "ஏ.எஸ்.ராவ் நகர்ல வீட்டுல ஒக்காந்துண்டு ஊர் வம்பு கேக்கறதுக்குச் சம்பளமா?"

முதல் நாளே விதிப்படி, 'நான் ஆய்வாளர். உங்கள் பதிவுகள் பெயர் மாற்றி மேற்கோள் காட்டப்படலாம். விருப்பமில்லாதவர் தெரிவிக்கவும்' என்று முழு நீள அறிவிப்பு ஒட்டினேன். மன்றத்தை நடத்தியவர் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த மணி. ஹைதராபாத் உருது கலந்து உடனே பதில் போட்டார்: "ஹவ் அங்கிள், தாராளமா பண்ணுங்க. ஆனா இவ்ளோ பெரிய நோட்டீஸ் நக்கோ, வேணாம். இங்க எவனும் ரெண்டு வரிக்கு மேல படிக்க மாட்டான்."

உண்மைதான். யாரும் மறுக்கவில்லை. யாரும் படிக்கவுமில்லை.

2. கீழே போட்டுப் பார்த்தது

மன்றத்தில் 'சுருதிப்பெட்டி' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதுவார். கொண்டாப்பூரில் வீடு, சாஃப்ட்வேர் வேலை. கல்யாண ரிசப்ஷன்களில் ஆர்க்கெஸ்ட்ரா பாடகி. கணவருக்குத் தெரியும், கூட இருந்த மாமனார் மாமியாருக்குத் தெரியாது. மருமகள் மேடையேறுவது அவர்களுக்கு ஆகாது. அதனால் சனிக்கிழமைகளில் ஆபீஸில் 'ரிலீஸ்' இருக்கிறது, புது சாஃப்ட்வேர் வெளியாகிறது என்று சொல்லிக் கிளம்புவார். மேடையில் இன்னொருத்தி குரலில் பாடுகிறேன், வீட்டிலும் இன்னொருத்தி குரலில்தான் பேசுகிறேன் என்ற பொருளில் அவர் எழுதிய ஒரு வரி வித்யாவுக்குப் பிடித்துப்போய், அறிக்கையின் முதல் பக்கத்தில் ஏறியது. எழுதியவர் பெயர் 'கமலா' ஆனது.

தொழிற்சாலையில் பேக்கிங் முடிந்த பெட்டியை உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்போம். டிராப் டெஸ்ட். அந்தப் பழக்கத்தில், அறிக்கை இணையத்தில் ஏறுவதற்கு முன் அந்த வரியை அப்படியே தேடுபெட்டியில் போட்டேன். முதல் விடையே சுருதிப்பெட்டி. கொண்டாப்பூர், சனிக்கிழமை எல்லாம் கூடவே வந்தது.

"பேரை மாத்திட்டோமே சார்," என்றார் வித்யா.

"பேரை மாத்திட்டு அட்ரஸை ஒட்டியிருக்கோம் மேடம்."

"வரிய மாத்தினா அது டேட்டாவே இல்ல சார். நாம எழுதின கதை."

அவர் சொன்னதும் விதிதான். இரண்டு விதிகள் மோதினால் காலதாமதம் என்று மூன்றாவது ஒன்று உண்டு. ஆய்வு நெறிகளைப் பார்க்கும் அறக்குழுவின் மறு ஒப்புதல் தேவையா என்று குறிப்பெழுதிக் கோப்பை அனுப்பிவைத்தேன். தேவையில்லை என்று சொல்லவே அவர்களுக்கு நாளாகும்.

3. எல்லார் பெயரிலும்

சுருதிப்பெட்டிக்கு விஷயத்தைச் சொல்லித் தனிச்செய்தி அனுப்பினேன். அன்றே போன் செய்தார்.

"அங்கிள், எங்க கொழுந்தனும் சாஃப்ட்வேர்தான். எந்த கம்பெனில அண்ணி வாராவாரம் ரிலீஸ் பண்றாங்கன்னு ஏற்கெனவே கேட்டுட்டான். இது அவன் கண்ணுல பட்டா என் பாட்டு காலி."

"அறிக்கையிலேர்ந்து அந்த வரிய எடுத்துடச் சொல்றேன்."

"எடுக்கணுமா அங்கிள்? நான் பாடறதெல்லாம் அடுத்தவங்க பாட்டு. அது ஒண்ணுதான் நானா சொன்னது."

மணியிடம் சொன்னேன். "டென்ஷன் நக்கோ அங்கிள்," என்றார். மன்றத்தில் ஒவ்வொருவரின் பதிவுக்குக் கீழும் அவர் விரும்பிய ஒரு வாசகம் நிற்கும், சிக்னேச்சர் என்பார்கள். ஒருமுறை மாற்றினால் அவருடைய பழைய பதிவுகள் அத்தனையிலும் மாறிவிடும். சுருதிப்பெட்டியின் பதிவையும், அதற்கு வந்த பதில்களில் இருந்த அவர் பெயரையும் மணி அழித்தார். பிறகு அந்த வரியைப் போட்டு, கீழே எழுதினார்: "எல்லாரும் இதை சிக்னேச்சரா வைங்க. கைக்கு, ஏன்னு கேக்காதீங்க."

இரண்டே வரி என்பதால் எல்லாரும் படித்தார்கள். எந்தப் பாட்டுக்கும் ஒத்துப்போகாத கூட்டம் இதற்கு ஒத்துப்போனது.

சில நாள் கழித்து மறுபடி கீழே போட்டுப் பார்த்தேன். பக்கம் பக்கமாக அதே வரி. இசையமைப்பாளர்களைத் திட்டியவர்கள், பழைய ஸ்பீக்கர் விற்றவர்கள், எல்லாருக்கும் கீழே. சுருதிப்பெட்டி மட்டும் இல்லை.

"இப்போ இது யாரோட டேட்டா சார்?" என்றார் வித்யா. தேவையில்லை என்ற அறக்குழுவின் பதிலும் வந்திருந்தது. அறிக்கையை ஏற்றினோம்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது: பெயரை மாற்றியதோடு நிறுத்தாதீர்கள். கீழே போட்டுப் பாருங்கள். நானும் அந்த வரியின் பொருளைத்தான் இங்கே தந்திருக்கிறேன்; தேடிப் பயனில்லை.

ஆனால் போட்டுப் பார்க்க முடியாதவையும் உண்டு. சில மாதங்களுக்குப் பின் சுருதிப்பெட்டி போன் செய்தார்.

"அங்கிள், கொழுந்தன் எனக்கு ஒரு ஃபார்வர்டு மெயில் அனுப்பியிருக்கான். என் வரி. கீழ எவனோ ஒருத்தன் பேரு. 'அண்ணி, உங்களுக்குப் பிடிக்கும்'னு எழுதியிருக்கான். தெரிஞ்சு அனுப்பினானா, தெரியாமலா?"

அதற்கு என்னிடம் எந்தப் பரிசோதனையும் இல்லை. "என்ன பதில் போட்டீங்க?" என்றேன்.

"நல்லாருக்கு, யாரு எழுதினதுன்னு கேட்டிருக்கேன்." சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. "வெச்சிடறேன் அங்கிள். இன்னிக்கு ரிலீஸ் இருக்கு."