நூகு கலந்த ரப்பர்

முகம்மது நூகு இருபத்தாறு வருடம் ரப்பர் கலந்தார். விருதுநகரைத் தாண்டி சாத்தூர் ரோட்டில் உள்ள சின்னக் கம்பெனி அது. பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறைகளின் தரையில் விரிக்கிற கறுப்பு ரப்பர் மேட்தான் அங்கே முக்கியச் சரக்கு. தரையில் எதுவும் உரசிப் பொறி கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக விரிப்பது.

இரண்டு இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் புது ரப்பர் ஷீட்டை அவற்றின் நடுவே கொடுத்து மசித்தபின், பழைய டயரை அரைத்துப் பக்குவம் செய்த ரப்பரைச் சேர்ப்பார் நூகு. பிறகு கரித்தூளும் கந்தகமும். பழைய ரப்பர் நூற்றுக்கு முப்பது பங்கு வரை போகலாம் என்பது அவர் கைகண்ட கணக்கு. ஏற்கெனவே ஒருமுறை வெந்து, ஓடித் தேய்ந்த ரப்பர் அது. அளவு கூடினால் இழுவை குறையும், வெயில் ஏற ஏற இறுகும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஆனி மாதம் மழை விடாமல் பெய்ததில் தெற்கே ரப்பர் பால் வெட்டுவது நின்றுபோனது. புது ஷீட் வரவில்லை. சீசனுக்கு முந்தைய பெரிய ஆர்டர் ஒன்று கையில் இருந்தது. நூற்று நாற்பது மேட்.

“நூகு பாய், இந்த ஒரு ஆர்டருக்கு மட்டும் பழசு அறுபது போட்டுருங்க” என்றார் முதலாளி மகேஷ்குமார்.

“தாங்காது மொதலாளி. ஒரு துண்டு போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

முப்பதிலும் அறுபதிலும் பட்டை வெட்டி இழுத்துப் பார்த்தார். முப்பது போட்டது நான்கு மடங்கு நீண்ட பிறகே அறுந்தது. அறுபது, இரண்டு மடங்கைத் தாண்டவில்லை. மீதிப் பட்டைகளை எழுபது டிகிரி சூட்டுப்பெட்டியில் மூன்று நாள் வைத்து எடுத்தார். அறுபது போட்டதை மடித்ததும் மடிப்பில் வெடிப்பு ஓடியது.

மகேஷ்குமார் அறுபதில் போட்ட புதுத் துண்டு ஒன்றை மடக்கிப் பார்த்தார். “நல்லாத்தான இருக்கு பாய்?”

“புதுசுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஒரு கோடைக்குத் தாங்கணும்ல?”

“ஒரு ஆர்டர்தான.”

நூகு பழைய ரப்பரை அறுபதுக்கே எடை போட்டார். அவரே கலந்தார், அவரே லோடும் ஏற்றினார். மேட்கள் பதினோரு ஆலைகளுக்குப் போயின.

அடுத்த சித்திரையில், தாயில்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில், மருந்துத் தட்டோடு நடந்த இருளாண்டி என்ற தொழிலாளியின் கால் மேட்டின் சுருண்ட ஓரத்தில் தட்டியது. கொட்டிய மருந்து நொடியில் பற்றிக்கொண்டது. அறையில் அவர் மட்டுமே இருந்ததால் வேறு யாருக்கும் காயமில்லை. கம்பெனி வேன் டிரைவர் வந்து சொன்ன அன்றே நூகு ஆஸ்பத்திரிக்குப் போனார். இருளாண்டியின் இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டுக்குள் இருந்தன.

“நீங்க யாரு பாய்?”

“அந்த மேட்டுக்கு ரப்பர் கலந்தவன் தம்பி.”

இருளாண்டி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். “வெடிப்புல மண்ணு புகுந்து நறநறன்னு இருக்கும். மாத்துங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன்.”

“பழசு கூடப் போட்டுட்டேன். சூட்டுக்குத் தாங்காதுன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா போட்டீக?”

“தெரிஞ்சுதான்.” நூகுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அதே மாதிரி இன்னும் எம்புட்டு கெடக்கு?”

“நூத்துச் சொச்சம்.”

“அப்ப இங்கன நின்னு எதுக்கு அழுவுறீக? போயி அத எடுங்க.”

நூகு நேரே கம்பெனிக்கு வந்து வேனைக் கேட்டார். மகேஷ்குமார் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். “விசாரணைல மேட்டப் பத்திப் பேச்சே வரல. நீங்களாக் கெளப்பாதீக பாய்.”

வீட்டில் மனைவி சித்திகாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வேலை போய்விடும் என்பதையும் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்தாள். “சோறு கட்டித் தாரேன். காலையிலயே கெளம்புங்க” என்றாள்.

மொபெட்டில் ஒன்பது நாள் அலைந்தார். விஸ்வநத்தத்தில் ஓர் ஆலைக் காவலாளி கேட்டைத் திறக்கவே இல்லை. அச்சங்குளத்தில் ஃபோர்மேன் பெத்தணன், “நல்லாத்தானய்யா கெடக்கு, வேலையக் கெடுக்காதீக” என்று கடிந்துகொண்டார். நூகு குனிந்து மேட்டின் ஒரு மூலையை மடித்தார். அப்பளம்போல ஒடிந்து கையோடு வந்தது. பெத்தணன் அதையும் நூகுவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்தவர்களிடம், “எல்லாரும் தட்ட மெல்ல வச்சுட்டு வெளிய வாங்க” என்றார்.

மூன்று ஆலைகள் அவரை உள்ளே விடவில்லை. ஆலைகளைச் சோதிக்கும் அதிகாரியிடம் போய், சூட்டில் வைத்த பட்டைகளை மேஜையில் பரப்பி, கலந்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்த வாரமே அந்த மூன்று ஆலைகளில் கிடந்த மேட்களும் வெளியே வந்தன. கம்பெனி நாலு மாதம் மூடிக் கிடந்தது. திறந்தபோது நூகுவுக்கு அங்கே இடமில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு துண்டு சூட்டுப்பெட்டிக்குள் போன பிறகே வேன் கிளம்புகிறது என்று டிரைவர் சொல்கிறார்.

நூகு இப்போது சிவகாசியில் அச்சு இயந்திர உருளைகளுக்கு ரப்பர் சுற்றுகிறார். இருளாண்டிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. ஆலை வாசலில் வந்துபோகும் வண்டிகளின் எண்ணை எழுதிக்கொள்ளும் வேலை. மாதம் ஒருமுறை நூகு அவர் வீட்டுக்குப் போவார். மன்னித்தேன் என்று இருளாண்டி சொன்னதில்லை, நூகுவும் கேட்டதில்லை.

நூற்று நாற்பதில் இரண்டு தீயில் போயின. நூற்று முப்பத்தைந்து திரும்பி வந்தன. மீதி மூன்று எந்த ஆலையிலிருந்து எங்கே மாறிப் போயின என்று யாருக்கும் தெரியவில்லை. புதிதாக யாராவது பட்டாசு ஆலையில் வேலை செய்வதாகச் சொன்னால், “ஒங்க அறையில என்ன மேட்டு கெடக்கு? ஓரம் சுருண்டுருக்கா?” என்று நூகு இன்றும் கேட்கிறார்.