மிச்ச மாத்திரை

ஆம்பூரில் எங்கள் தெருப் பக்கம் யாராவது செத்துப்போனால் அம்சவேணி மாலை வாங்கிக்கொண்டு போவதில்லை. நேரே உள்ளே போய், மிச்சம் இருக்கிற மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்கிறாள். பிணந்தின்னி என்று ஏசுகிறார்கள். ஏசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருமுறை மரியாதை பார்த்துச் சும்மா இருந்ததில் என்ன ஆயிற்று என்று அவர்களுக்கு என்ன தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மெடிக்கலில் பல வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் அவள். போன வருஷம் வலிப்பு மாத்திரை ஒன்று வராமல் நின்றுபோனது. வேலூர் மொத்தக் கடையில் கேட்டால், கம்பெனியே அனுப்பவில்லை என்று கையை விரித்தார்கள். ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டும் ஷஹீன் பானுவின் மகள், அந்த மாத்திரை தயவில்தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். டாக்டர் வேறு மாற்றிக் கொடுத்தார். அது ஒத்துக்கொள்ளாமல் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அம்சவேணி குடியாத்தம், வாணியம்பாடி என்று தெரிந்த கடைக்கெல்லாம் போன் போட்டாள். எங்கும் இல்லை. பிள்ளையிடம் இருந்ததும் தீர்ந்துபோனது.

அன்றைக்குத்தான் எங்கள் தெரு கோதண்டபாணி மாரடைப்பில் போனார். அவருக்கும் அதே வலிப்பு, அதே மாத்திரை. கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் கடையிலிருந்த கடைசி அட்டைகளை மொத்தமாக வாங்கிப் போனவர் அவர்தான். சாவுச் சேதி கேட்டதும் அம்சவேணிக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்துவிட்டதாம். அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே ஓடினாள்.

அங்கே கோதண்டபாணியின் மனைவி எல்லம்மா பிணத்தின் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் போய் மாத்திரை எங்கே என்று எப்படிக் கேட்பது? பாடை தூக்கட்டும், வீடு கழுவட்டும் என்று அம்சவேணி பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்தபின் மெல்லக் கேட்டாள்.

"பாய் தலகாணியோட அவரு மாத்திர டப்பாவயும் கட்டி அனுப்ச்சிட்டனேம்மா," என்றாள் எல்லம்மா. "அவரு பொருள வூட்ல வெச்சிக்கக் கூடாதுன்னாங்க. நீ இவ்ளோ நேரம் இங்கதான உக்காந்துனு இருந்த. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

பெண்கள் போகாத சுடுகாட்டுக்கு ஓடினாள் அம்சவேணி. பாலாற்று மணலில் பாயும் தலையணையும் எரிந்து கிடந்தன. குச்சியால் கிளறினாள். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள்தான் சுருண்டு வந்தது.

கடையில் காத்திருந்த ஷஹீன் பானுவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஷஹீன் பானு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள். மறுநாள் பிள்ளைக்கு வலிப்பு விடாமல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அந்த வீட்டுக்குள் நுழைய அம்சவேணிக்குக் கால் வரவில்லை, வாசலிலேயே நின்றாள். பிள்ளையின் ஜனாஸாவை எடுப்பதற்கு முன் ஷஹீன் பானுவே எழுந்து வந்தாள். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத அந்த மாற்று மாத்திரையை, பிரித்த அட்டை ஒன்றும் பிரிக்காத அட்டைகளுமாக, அம்சவேணியின் கையில் வைத்தாள்.

"எடுத்துனு போக்கா," என்றாள். "அப்புறம் கேக்கலாம்னு நீ உக்காந்துடுவ."